அண்ணனுக்குச் சூடு என்றே நினைத்தோம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்திருக்கும் உறவின்முறையாருக்கும் ரயில்வே நண்பர்களுக்கும் தங்கை வணங்கி எழுதுவது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் அண்ணனைப் பற்றி வேறொருவர் எழுத, நான் உட்கார்ந்து கேட்க விருப்பமில்லை.

அண்ணன் கிள்ளானுக்கு வடக்கே மேருப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரையும் காய்ச்சல் கொண்டுபோனபோது எனக்குப் பால்பல்கூட விழவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர்ப் பக்கம் செந்தூலுக்கு வந்தார். ரயில் பட்டறையில் கரி அள்ளினார், பிறகு இஞ்சினில் நெருப்புப் போட்டார், கடைசியில் கிள்ளான் வண்டியை அவரே ஓட்டினார். என் கல்யாணத்தை நடத்திவிட்டுத்தான் தான் கல்யாணம் செய்துகொண்டார். நான் இன்றுவரை யார் வாசலிலும் கைநீட்டி நின்றதில்லை என்றால் அது அவர் வளர்ப்பு.

இனி நோயைச் சொல்கிறேன். நினைவு மலரில் அதெல்லாம் எதற்கு என்றார்கள் சிலர். சொல்வேன்.

ஒரு நாள் அண்ணனுக்குச் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வாழ்நாளெல்லாம் நெருப்புக்கு முன்னால் நின்ற உடம்பு; சூடு என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணி தலைக்கு எண்ணெய் வைத்து முழுகச் செய்தார். நான் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். உடன் வேலை பார்த்தவர்கள் பாசாரிலிருந்து இளநீர்க் குலையோடு வந்தார்கள்.

"இஞ்சினுக்கு மட்டும் டேசன் தவறாம தண்ணி காட்டுறீங்க. உங்களுக்கு ஊத்த மறந்துட்டீங்களேண்ணே."

"இந்த இஞ்சினுக்கும் பாய்லர் கழுவுற வயசாச்சுடா" என்று அண்ணனும் சிரித்தார்.

இரண்டொரு நாளில் ரத்தம் நின்றது. அதுதான் எங்களைக் கெடுத்தது. எண்ணெய்க் குளியல்தான் நிறுத்தியது என்று நம்பினோம். சில மாதம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி முழுகினார், மறுபடி நின்றது. அதற்கடுத்து வந்தது நிற்கவில்லை. அண்ணன் மெலிந்தார். விலாவுக்குக் கீழே கை வைத்தால் கல்போலத் தட்டுப்பட்டது.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படம் பிடித்தார். அவர் சொன்னதை அவருக்கு உதவியாக நின்ற டிரஸ்ஸர் தமிழில் சொன்னார்.

"குண்டிக்காய்ல புத்து வளந்திருக்கும்மா. இவங்க அதைக் கிட்னிம்பாங்க. ஆளுக்கு ரெண்டு இருக்கு."

"அப்ப கெட்டதை எடுத்திடச் சொல்லுங்க."

"எடுப்பாங்க. ஒண்ணை வச்சுக்கிட்டே மனுஷன் பொழைக்கலாம். ஆனா இது அங்கேயே நிக்கலம்மா. நெஞ்சுக்கு ஏறிடுச்சு."

"என்னோடதுல ஒண்ணை எடுத்து அவருக்கு வைக்கட்டும்."

டிரஸ்ஸர் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. "அப்படி ஒரு வைத்தியம் இன்னும் வரலம்மா. வந்தாலும் நெஞ்சுக்குப் போனதை அது திருப்பாது" என்றார்.

அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, "சின்னப் புள்ளையிலயே தன் பங்கை எனக்குத் தள்ளிவிடுவா, டிரஸ்ஸர். மீன் தலையைத் தவிர" என்றார். அங்கே சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இருமினால் ரத்தம் வந்தது. அண்ணி கால்மாட்டில், நான் தலைமாட்டில். செய்ய ஒன்றும் இல்லாமல் விசிறிக்கொண்டிருந்தோம். "போதும், கை வலிக்கும்" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுவே கடைசி.

வீடு தேடி வந்து ஊசி போட்ட டிரஸ்ஸருக்கும், சுடுகாடுவரை தோள் மாற்றாமல் சுமந்த பட்டறைத் தம்பிகளுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த அண்ணிக்கும் என் வணக்கம். உங்கள் வீட்டில் யாருக்காவது வலியில்லாமல் அப்படி ரத்தம் போனால், நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

காரியம் முடிந்தபின் டிரஸ்ஸரிடம் ஒன்று கேட்டேன். முதல் தடவையே கூட்டி வந்திருந்தால்?

"எடுத்துப் பாத்திருக்கலாம். பொழைச்சிருப்பாருன்னு சொல்ல மாட்டேம்மா. மாட்டாருன்னும் சொல்ல மாட்டேன்."

படித்த மனிதர். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. ஓராண்டாக அந்தப் பதிலோடு இருக்கிறேன்.