பதினாறு குதிகால் தடங்கள்

1976 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். தூறல் விட்டிருந்தது, மேற்கிலிருந்து குளிர்காற்று; இந்தத் தெற்கு நாட்டில் ஆகஸ்ட்தான் குளிர்காலம். செவன் ஹில்ஸில் எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த சேற்று மைதானத்தில், கழுத்தில் விசிலோடு நின்றேன்.

எங்கள் மேலாளர் அமெரிக்கர். தங்கள் நாட்டுக் கால்பந்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்து, வரைபடப் பிரிவுக்கும் பட்டறைக்கும் போட்டியும் வைத்துவிட்டார். விதிப்புத்தகத்தை மூன்று முறை படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நானே நடுவர். வரைபடப் பிரிவுக்காக ஆடியவரும் மேலாளர்தான். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் திங்கட்கிழமை கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான்.

"அவற்ற பக்கம் பிழை பிடிச்சுப் போடாதேங்கோ," என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

கடைசி நிமிடம். வரைபடப் பிரிவு ஒரு புள்ளி முன்னே. பட்டறைக்காரர் ஒருவர் பந்தைக் கீழே தவறவிட்டு, மறுபடி எடுத்தார். மேலாளர் அவர் காலைத் தட்டிவிட்டார். அவர் தடுமாறியபடியே எட்டு கெஜம் முன்னேறி விழுந்தார்.

தண்டனையாகப் பட்டறைக்குப் பந்து பதினைந்து கெஜம் முன்னே போகும். எங்கிருந்து எண்ணுவது? பந்து எவர் கையிலும் இல்லாதபோது தட்டியிருந்தால், அந்தச் சுற்று ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்து. கையில் எடுத்து ஓடும்போது தட்டியிருந்தால், ஓட்டம் முடிந்த இடத்திலிருந்து.

"அப்போது பந்து தரையில் கிடந்தது," என்றார் மேலாளர்.

"கையில் இருந்தது, சேர்."

"திங்கட்கிழமையும் இப்படித்தான் சொல்வீரா?"

"திங்கட்கிழமையும் கையில்தான் இருக்கும், சேர்."

பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். ஓட்டம் முடிந்த இடத்திலிருந்து கெஜத்துக்கு ஒரு காலடியாகக் குதிகாலை ஊன்றி எண்ணிப் பந்தை வைத்தேன். மூன்று புள்ளிக்காகக் கம்பத்துக்கு மேலாக உதைக்க ஒருவர் தயாரானார். திரும்பிப் பார்த்தேன்: சேற்றில் பதினாறு குதிகால் தடங்கள்.

எங்கள் ஊரில் நெல் அளப்பவர் முதல் கொத்து அளவையை ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம் என்பார், அடுத்தது இரண்டு. எதை எண்ணினாலும் எனக்கும் அதே பழக்கம். அன்று பதற்றத்தில் லாபத்துக்குப் பிறகு ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

பந்தை ஒரு காலடி பின்னே வைத்தேன்.

"கடிதம் ஞாபகம் வந்துவிட்டது," என்றார் பட்டறைக்காரர் ஒருவர்.

உதைத்தார்கள். பந்து கம்பத்தைத் தாண்டியது. பட்டறை வென்றது.

மேலாளர் சேற்றோடு வந்து, எதற்காகப் பின்னே வைத்தேன் என்று கேட்டார். லாபத்தைச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கையெழுத்திட்டுக் கடிதத்தை நீட்டினார். "ஓட்டம் என்று நீர் சொன்னது சரி. பதினாறு எண்ணியதற்கு நடுவருக்கும் தண்டனை உண்டு. இரண்டு அணிக்கும் நீரே மீட் பை வாங்கிக் கொடும்."

ஆடியவர்கள் இருபத்திரண்டு பேர். பேக்கரியில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட அந்தப் பண்டத்தை நானே எண்ணி எடுத்தேன்: லாபம், ஒன்று, இரண்டு… வீட்டுக்கு ஒன்று மிஞ்சியது. இருபத்துமூன்று மீட் பை, தலா முப்பத்தைந்து சதம்: எட்டு டாலர் ஐந்து சதம்.