பதினான்காம் வரிசையின் அறிவிப்பு

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது. பம்பு என்றால்தான் தெரியும். முப்பது வருடமாகப் பஞ்சர் கடை. டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எவ்வளவு காற்றுக் குறைகிறது என்று சொல்லிவிடுவார். சொன்னது சரிதானா என்று யாராவது மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் அன்று காலையில் முதல் முறையாக விமானத்தில் ஏறி, பதினான்காம் வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கால் தரையில் பாவாமல் தவித்துக்கொண்டிருந்தார். அந்த விமானத்தில்தான் அவருடைய ஒரே மகள் பணிப்பெண். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். இன்றுதான் முதல் தடவையாக மைக் பிடிக்கப்போகிறாள். தரையிறங்குவதற்கு முன் செய்யும் அறிவிப்பு அவளுடையது. முதல் வரிசையில் அவளுக்கு மதிப்பெண் போட வந்த ஒரு பெரிய அம்மா காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மகள் சொதப்பினால் இன்னும் ஆறு மாதத்துக்கு மைக் பக்கமே போக முடியாது, தட்டு எடுக்க வேண்டியதுதான்.

இரண்டு மாதமாக வீட்டில் இதே பாட்டுத்தான். கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு மகள் பேசுவாள், பம்பு சோபாவில் பயணியாக உட்கார்ந்து கேட்பார். கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் நிஜ மைக்கில், நிஜ ஆகாயத்தில் அவள் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த டிக்கெட்.

மகள் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "சளி இருந்தா வராதீங்கப்பா. இறங்கும்போது காது அடைச்சுக்கும், உயிர் போகும்."

பம்புக்கு மூன்று நாளாக நல்ல சளி. மூச்சு விடுவாரா? மகளுக்கு முன்னால் ஒரு தும்மல்கூட வராமல் அடக்கி, கண்ணில் தண்ணீர் வந்து, "ஆனந்தக் கண்ணீர்மா" என்று சமாளித்துவிட்டார்.

இறங்கும்போது சப்பிக்கொண்டே எச்சில் விழுங்கச் சொல்லி மகள் கொடுத்த மிட்டாய் ஏழையும் விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே சந்தோஷத்தில் கடித்துத் தின்று தீர்த்துவிட்டார். விமானம் மேலே ஏறும்போது காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. "இதுக்குப் போயா இவ்வளவு பயமுறுத்தினா?" என்று மனைவியிடம் அலட்டிக்கொண்டார்.

விமானம் இறங்கத் தொடங்கியது. முதலில் வலது காது, பின்னாலேயே இடது. யாரோ உள்ளே கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. பம்பு சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்தார்.

"என்னங்க பண்றீங்க?" மனைவி பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, அவர் காதருகே வந்து கத்தினாள். "மூக்கைப் பொத்திக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, மெதுவா ஊதுங்க. அவ சொன்னா இல்ல?"

"உள்ள காத்து ஜாஸ்தியாகித்தான் இந்த வலி வலிக்குது. அதுக்கு மேல காத்தடிக்கச் சொல்றியே! முப்பது வருஷமா பஞ்சர் ஒட்டுறேன், எனக்கே காத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

"காதுக்குள்ள காத்து கொறஞ்சதாலதாங்க வலி!"

அது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். காற்று தானாக இறங்கட்டும் என்று வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது இறங்குவதாக இல்லை.

அப்போதுதான் முன்னால் திரை விலகி மகள் வந்து நின்றாள். கையில் மைக். உதடு அசைகிறது. பம்புக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை ஆசையாக வந்து, இத்தனை பக்கத்தில் உட்கார்ந்து, ஊமைப் படம் பார்ப்பதா?

சரி, மனப்பாடமாகத்தான் தெரியுமே, மனசுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளலாம் என்று கண்ணை இறுக மூடி, கூடவே சொல்ல ஆரம்பித்தார். முணுமுணுப்பதாக அவர் நினைப்பு. காது அடைத்தவருக்குத் தன் தொண்டையின் அளவு எங்கே தெரியும்? கடையில் எதிர்வரிசை டீக்கடைக்காரரைக் கூப்பிடுகிற அதே குரல்.

"உங்கள் இருக்கைகளை நேராக நிமிர்த்தி..."

விமானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மனைவி தொடையில் கிள்ளினாள். காது வலியில் கிள்ளல் எம்மாத்திரம்?

"இருக்கை வார்களை அணிந்துகொள்ளுங்கள்" என்ற இடத்தில் மகள் நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. முதல் வரிசை அம்மாவின் பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. பம்புக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

"முன்னால் உள்ள தட்டுகளை மடித்து வையுங்கள்! ஜன்னல் திரைகளைத் திறந்து வையுங்கள்!"

மனைவிக்கு மானம் போய்விட்டது. ஒரு கையால் அவர் வாயையும் இன்னொரு கையால் மூக்கையும் சேர்த்து அமுக்கினாள். அடுத்த வார்த்தைக்காகக் கிளம்பிய காற்றுக்குப் போக வழியில்லை. டப்! இரண்டு காதும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

திறந்த காதில் முதலில் விழுந்தது மகளின் குரல். கணீரென்று, கரண்டி பிடித்த காலத்தில்கூட இல்லாத தெம்போடு.

"முன்னால் உள்ள தட்டுகளை மடித்து வையுங்கள். ஜன்னல் திரைகளைத் திறந்து வையுங்கள். பதினான்காம் வரிசைப் பயணி தயவுசெய்து மைக்கை என்னிடமே விட்டுவிடவும். நன்றி."

விமானம் வெடித்துச் சிரித்தது. சிரித்ததில் பெரிய அம்மாவின் பேனா கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

மனைவி கையை எடுத்தாள். பம்பு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்கே புரியவில்லை.

"காது இன்னும் வலிக்குதாங்க?"

"இல்ல" என்றார் பம்பு. "எல்லாம் கேட்டுச்சு."