‘கதவு கடிக்குது’ என்றொரு லிங்க்

எங்கள் லிஃப்ட் ரிப்பேர் ஆபீஸில் போன் எடுக்கும் அக்காவைப் பற்றி யாராவது எழுதியே ஆகவேண்டும். நானே எழுதிவிடுகிறேன்!

பதினோரு வருடமாக, நின்றுபோன லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு மெக்கானிக்குகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரிப்பேர் முறையெல்லாம் எங்கள் டீம் விக்கியில், அதாவது மெக்கானிக்குகள் போனிலேயே திறந்து பார்க்கும் குறிப்புப் பக்கங்களில், இருக்கிறது. எந்தப் பக்கம் எங்கே என்பது மட்டும் அக்காவின் தலைக்குள் இருந்தது. அதனால் அவருக்கு லீவே கிடையாது.

அவர் கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்குப் பன்னிரண்டே நாள் வீட்டில் இருப்பார். போனமுறை, "நான் பொண்டாட்டியப் பாக்க வந்தேனா, நீ மெக்கானிக்குங்களோட பேசுறதைக் கேக்க வந்தேனா?" என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார் அக்கா. கண் சிரிக்கவில்லை.

இந்தமுறை லீவு கேட்டார். மேனேஜர், "ஒரு நாள் நீங்க போனைத் தொடாம ஆபீஸ் ஓடட்டும்மா. ஓடினா பன்னிரண்டு நாளும் உங்களுக்கு" என்றார்.

அக்கா விக்கியின் முதல் பக்கத்தில், அந்தந்தப் பக்கத்தின் பெயரிலேயே நாற்பது குறுக்கு லிங்க் போட்டார். தட்டினால் நேரே உரிய பக்கம் திறக்கும். சோதனை நாளில் ஒன்பதரைக்கே போன் அலறியது. எடுத்தேன். நெட்டையண்ணன், எங்கள் மூத்த மெக்கானிக்.

"கதவு கடிக்குதுப்பா, ஆள் நுழையும்போதே மூடுது! எதைத் தட்டணும்?"

"‘கதவு உணர்கருவி அளவுத்திருத்தம்’னு இருக்கு பாருங்கண்ணே."

"அது யாரு வீட்டுப் பிள்ளை? அக்காகிட்ட குடு!"

அன்று முப்பத்தொரு அழைப்பு. அக்கா முகம் வாடிவிட்டது. ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவரும் கேட்டதை, கேட்ட வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் லிங்குகளின் பெயர்களெல்லாம் மாறியிருந்தன. ‘கதவு கடிக்குது.’ ‘ஆளில்லாம ஓடுது.’ ‘நிக்கும்போது குதிக்குது.’ ‘பட்டன் கோவிச்சுக்குது.’

மேனேஜர் தலையில் கைவைத்தார். "ஏம்மா, இது ஆபீஸா, சந்தைக்கடையா?"

"இன்னும் ஒரே ஒரு நாள் பாருங்க சார்."

பார்த்தோம். பத்து மணி, பன்னிரண்டு, மூன்று. போன் வாயே திறக்கவில்லை. நாலு மணிக்கு ஒரே ஒரு மணி! எனக்கு உயிரே போய்விட்டது. நெட்டையண்ணன்தான்.

"வேலை முடிஞ்சுதுப்பா. அக்கா சத்தமே காணோமே, நல்லா இருக்காங்களான்னு கேட்டேன்."

மேனேஜர் அப்போதே லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா போய் இன்றோடு ஆறு நாள். காலையில் பார்க்கிறேன், பட்டியலின் அடியில் நாற்பத்தொன்றாவதாக ஒரு லிங்க். நெட்டையண்ணன் போட்டது: ‘அக்காவக் கூப்பிடலாமான்னு தோணுது.’

தட்டினேன். அந்த நாற்பது லிங்குக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டது.