‘அவிய’ என்றால் ஒரே ஆள்

புத்தகம் போடுவதென்று முடிவெடுத்த அன்று ஒரு பட்டியல் எழுதினேன். பதினேழு வேலைகள். அட்டைப் படம், பக்க வடிவமைப்பு, ஐ.எஸ்.பி.என். விண்ணப்பம், தாளின் ஜி.எஸ்.எம்., அறிமுகப் பதிவுகள், விழா மண்டபம், மேடைக்குத் தண்ணீர் பாட்டில் வரை எல்லாம் அதில் இருந்தன. எனக்குப் பதிப்பகம் என்று யாரும் இல்லை. எழுதுகிறவள், வெளியிடுகிறவள், விற்கிறவள் எல்லாமே நான்தான். ‘அம்மாவின் பேச்சைத் திருத்துதல்’ என்று ஒரு வேலை அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் செய்யச் சொல்லி யாரிடமும் நான் கேட்கவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு நான் கோபப்பட்ட இடத்திலெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், “உங்க நல்லதுக்குத்தான செஞ்சாவ” என்பதுதான்.

கோவில்பட்டியில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. அம்மா, எட்டயபுரம் போகிற வழியில் எங்கள் சொந்த ஊர் அங்கன்வாடியில் ஆயா; தினமும் இங்கிருந்து பஸ்ஸில் போய் வருவாள். இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் பேசுவதை ஃபோனில் பதிந்து திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினேன். அவள் ‘செய்யுதேன்’ என்றால் செய்யுதேன். ‘அங்கன’ என்றால் அங்கன. என் வாக்கியங்களைக் கோத்த இடங்கள் உண்டு. அவள் வாக்கியத்தில் கை வைக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் ஓரிடத்திலும் வராது. அம்மா அதைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் முகத்தைப் பார்ப்பாள், நான் சொல்வேன். அவளுக்கு அவர் ‘அவிய’. எங்கள் பக்கத்தில் பல பேரையும் அவிய என்போம், மரியாதைக்குரிய ஒருவரையும் அவிய என்போம். மனைவி வாயிலிருந்து வந்தால் அது ஒரே ஆள்தான். கேட்கிற யாருக்கும் குழப்பம் வராது. அப்பா தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிக்கு டிரைவராக இருந்தார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இறந்து ஆறு வருடம் ஆகிறது. புத்தகத்தில் அவர் இருந்ததெல்லாம் அந்த மூன்று எழுத்தில்தான்.

விளம்பரத்தையும் நானேதான் செய்தேன். ‘கரிசக்காட்டு அம்மா ஒருத்தி, அவள் பேச்சிலேயே’ என்று போஸ்டர் வடிவமைத்தேன். வாரம் மூன்று பதிவு, ஒரு குரல் துணுக்கு. இரண்டு மாதத்தில் முன்பதிவு செய்தவர்கள் பதினொரு பேர்; அதில் நான்கு பேர் என் ஆய்வகம். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த புத்தகக் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கதைப் புக்காம்மா? குரூப் ஃபோர் கைடு எழுதிருந்தீங்கன்னா முன்னால அடுக்கிருப்பேன்” என்றார். சித்தப்பா ஒருவர், “ஒனக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போவேன்னு பாத்தா, நீ புக்கு அடிக்கப் போறீயாக்கும்” என்றார். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. அவையெல்லாம் எதிர்பார்த்தவை.

அச்சகம் உள்ளூர்தான். கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், கோயில் கொடை நோட்டீஸ் அடிக்கிற இடம். அதன் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான். கடைசிக் கோப்பை வரி வரியாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விழா ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை மதியம் முந்நூறு புத்தகமும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கின.

முதல் பெட்டியைப் பிரித்ததும் நான் பார்த்தது எழுத்தை அல்ல, முதுகை. தடிப்பாக இருந்தது. நான் ஒப்புதல் கொடுத்தது நூற்றி அறுபது பக்கம். கையில் இருந்தது நூற்றி அறுபத்தெட்டு. கடைசியில் சில பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. எழுத்து எங்கேயோ நீண்டிருக்கிறது என்று புரிந்தது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். அம்மா சொன்னது இது:

“அவிய வார அன்னைக்குத்தான் அவியல் வைப்பேன்.”

அச்சில் இருந்தது இது:

“அவர்கள் வார அன்னைக்குத்தான் அவர்கள்ல் வைப்பேன்.”

கம்ப்யூட்டர் தெரிந்த யாருக்கும் பார்த்தவுடன் விளங்கும். ஒரு சொல்லைக் கொடுத்து, இன்னொரு சொல்லைக் கொடுத்து, ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரே தட்டு. ‘அவிய’ இருந்த இடமெல்லாம் ‘அவர்கள்’. அவியலுக்குள் இருந்த அவியவும் தப்பவில்லை. ‘அங்கன’ எல்லாம் ‘அங்கே’ ஆனதில், என் அம்மா இருபது வருடமாக வேலை பார்க்கிற அங்கன்வாடி, ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளியோடு ‘அங்கே வாடி’ ஆகியிருந்தது. அத்தியாயத் தலைப்பிலும் அப்படியே. ‘ஏட்டி’ என்பது ‘அடியே’ ஆனதால் ஏட்டிக்குப் போட்டி, ‘அடியேக்குப் போட்டி’.

இவற்றையெல்லாம் படிக்கிறவர்கள் பிழையென்று சிரித்துக் கடந்துவிடுவார்கள். கடக்க முடியாதது வேறு. “அவர்கள் பத்து நாளைக்கு ஒருக்க வருவாவ. அவர்கள் வந்தா வாசல்லயே குரல் கேக்கும். அவர்கள் சாப்பிட்ட பொறவுதான் நான் சாப்பிடுவேன்.” புருஷன் பெயரே இல்லாத ஒரு புத்தகத்தில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை பல பேர் வந்து போகிறார்கள்.

மூன்று பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். நான் கத்துகிறவள் இல்லை. அதனால் என் கோபம் எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிவதும் இல்லை.

“நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் ஃபைலைத் தொட்டது யாரு அண்ணாச்சி?”

“சார்தான் பாத்தாவ. நம்ம அச்சகத்துல சார் பாக்காம எதுவும் மெஷினுக்குப் போகாது பாப்பா. பத்திரிகைல ஒரு எழுத்து தப்பாப் போனாலும் சம்பந்தக்காரங்க நம்ம சட்டையத்தான் பிடிப்பாவ.”

சார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மூலையில் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு காதணி விழா அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார். எழுந்து, டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் ‘பிழை’, வலப்பக்கம் ‘திருத்தம்’ என்று இருபத்து மூன்று சொற்கள். அழகான கையெழுத்து. என் அம்மாவின் வாயிலிருந்து வருவதில் பாதி அந்த இடப்பக்கத்தில் இருந்தது.

“பொம்பளப் பிள்ளை, மொத புத்தகம். பிழையோட வந்தா நாளைக்கு ஒன்னத்தான சிரிப்பாங்க? அதான் அத்தனையும் திருத்திக் குடுத்தேன்” என்றார். நன்றியை எதிர்பார்க்கிற முகம்.

“இது பிழை இல்ல சார். எங்க அம்மா பேசுறது.”

“பேச்சு வேற, எழுத்து வேறம்மா. அவியன்னு ஒரு சொல்லு அகராதில இருக்கா?”

“உங்க வீட்டம்மா உங்களை என்னன்னு சொல்லுவாங்க சார்?”

 கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டி.டி.பி. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “டெய்லி ஒரு மணிக்கு ஃபோன் வரும். ‘அவிய அங்கன இருக்காவளா, சாப்பிட வரச் சொல்லுங்க’ன்னு. நானும் சாரத்தான் எழுப்பி விடுதேன். ஒருநாளும் நாலு பேர எழுப்புனதில்ல.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சார் அழைப்பிதழுக்குத் திரும்பிக்கொண்டார். தப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

“சரி, விடுங்க பாப்பா. ஸ்டிக்கர் ஒட்டிருவோம்” என்றார் அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாகிப் போனால் அதன் மேல் சின்னத் துண்டு அச்சடித்து ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கரைச் சொல்கிறார்.

“ஒரு புத்தகத்துல ‘அவிய’ மட்டும் நானூத்திப் பதினொரு இடம் அண்ணாச்சி. எண்ணிட்டுத்தான் வந்தேன்.”

“அப்பம் அப்படியே விழாவ நடத்துங்க. அன்னைக்கு யாரு உள்ள பிரிச்சுப் படிக்கப் போறா? அட்டையத்தான் ஃபோட்டோ எடுப்பாவ.”

மூன்று பிரதிகளையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் சொன்னது உண்மை என்பதால்.

சாயங்காலம் ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் இரண்டு பக்கங்களை விரல் வைத்து வாசித்தாள். “நல்லாத்தான இருக்கு. ‘சொல்கிறேன், செய்கிறேன்’னு டீச்சர் பேசுத மாதிரிலா இருக்கு” என்றாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம். சாரின் மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சந்தோஷத்தின் மேல் வந்த கோபம் எனக்குப் பெரிதாக இருந்தது. தன் பேச்சு இடப்பக்கத்தில் இருக்க வேண்டியது என்று அவளும் இத்தனை நாளாக நம்பியிருக்கிறாள். அப்பா வரும் பக்கத்தை அவள் எட்டவில்லை. நானும் காட்டவில்லை.

விழாவை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய் என்று எல்லோரும் கேட்டதால், எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லச் சோம்பல்பட்டு, அந்த அவியல் வாக்கியத்தையும் ‘அங்கே வாடி’ தலைப்பையும் படமெடுத்து, இதனால்தான் என்று மில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இந்த விஷயத்தில் என் பங்குத் தப்பு அது ஒன்று. அதை மறைக்கவில்லை.

மறுநாள் காலைக்குள் படம் ஊரைச் சுற்றிவிட்டது. யாரோ சிரிக்கிற பின்னணி இசை போட்டு ரீல் செய்திருந்தார்கள். இரண்டு மாதம் நான் தலைகீழாக நின்றும் திரும்பிப் பார்க்காதவர்கள், “அந்தத் தப்புப் புக்கு ஒண்ணு கிடைக்குமா?” என்று வரிசையாக மெசேஜ் அனுப்பினார்கள். கைடு கேட்ட கடைக்காரரே கூப்பிட்டார். “அம்பது அனுப்புங்கம்மா. திருத்துனது வேண்டாம், அந்த அங்கே வாடி புக்குதான்.” அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். “பாத்தியளா, நம்ம அச்சகத்துத் தப்புதான் ஒங்களுக்கு விளம்பரம். இருக்கிறத வித்துட்டு, ரெண்டாம் பதிப்பு ஒங்க இஷ்டத்துக்கு அடிப்போம்.”

கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். விற்கலாம் என்பதற்கு நான்கு காரணங்களும் வேண்டாம் என்பதற்கு ஒன்றும் என் நோட்டில் இருந்தன. அந்த ஒன்றையும் எப்படி எழுதுவது என்று தெரியாமல் ‘அம்மா’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: “ஏட்டி, அந்தப் புக்குல அவியளப் பத்தி என்னத்த எழுதி வச்சிருக்க?”

“என்னம்மா?”

“பஸ்ல ஒருத்தி கேக்கா. ‘என்னக்கா, இன்னைக்கு அவர்கள் வாராவளா? அவர்கள்ல் வச்சாச்சா?’ங்கா. சுத்தி இருக்கவ எல்லாம் சிரிக்கா. நானும் வெளங்காம சேந்து சிரிச்சிட்டேன்.”

நான் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் விரல் வைத்து வாசித்தாள். வாசித்து முடித்தும் விரலை எடுக்கவில்லை. தன்னைப் பற்றிய சிரிப்பில் தானும் சேர்ந்துவிட்டோம் என்பது அவளுக்குப் புரிகிற வரைக்கும் நான் பக்கத்தில் நின்றேன். டீச்சர் மாதிரி இருக்கிறது என்ற சந்தோஷத்தில் மிச்சம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

“இத என்ன செய்யப் போற?”

“வெட்டப் போறேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அப்பம் நானும் வாரேன்” என்றாள்.

திங்கட்கிழமை அவள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். முந்நூறு புத்தகத்தையும் அதே ஆட்டோக்காரர் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார். ஓரம் நறுக்குகிற மெஷின் முன்னால் நின்று கட்டு கட்டாக நானே எண்ணிக் கொடுத்தேன். அண்ணாச்சி முகம் செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒருதரம், “யோசிச்சுக்கோங்க பாப்பா, ஊரே கேட்டுட்டுக் கெடக்கு” என்றார். ஊர் கேட்பது எதை என்று எனக்குத் தெரியும். சார் மேசையில் இல்லை. டி.டி.பி. அக்கா என் பழைய கோப்பைத் திரையில் திறந்து வைத்து, நான் வந்து பார்ப்பதற்காகக் காத்திருந்தார்.

அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. கத்தி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கண்ணைச் சிமிட்டினாளே தவிர, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நறுக்கின தாள்களைச் சாக்கில் அள்ளினார்கள்.

கடைசிக் கட்டில் ஒன்றை மட்டும் அண்ணாச்சி தனியாக எடுத்து அம்மாவிடம் நீட்டினார். “ஆயாம்மா, மக போட்ட மொத புக்கு. இது ஒண்ணாவது வீட்டுல ஞாபகத்துக்கு இருக்கட்டும்.”

அம்மா அதைக் கையில் வாங்கவில்லை.

“அதுல இருக்கது அவிய இல்ல” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அந்த ஒன்றையும் கட்டுக்குள் சொருகி, விளிம்பைத் தட்டிச் சமமாக்கி, கத்தியை இறக்கினார்.