மூன்று முறை கூப்பிட்டாயிற்று

எங்கள் நீதிமன்றத்தில் வெண்கலத்தைத் தெரியாதவர் கிடையாது. வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சேவகர். குரலுக்காக யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வாசலில் நின்று, நெஞ்சில் கையை வைத்து ஒரு குரல் கொடுத்தாரென்றால், மதிலோரம் மேசை போட்டு மனு டைப் அடிக்கிற எனக்கு ஓர் எழுத்து தப்பிப் போகும். ஓர் ஆளை மூன்று முறை கூப்பிடுவார். அதற்குள் வராவிட்டால் உள்ளே திரும்பி, "ஆஜரில்லை ஐயா" என்பார். அவ்வளவுதான், வழக்கு போயிற்று.

அந்த விஷயத்தில் மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாது. ஒருமுறை கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளைக்குத் துணி மாற்றப் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று வந்து கெஞ்சினாள்.

"மூணு தரம் கூப்பிட்டாச்சும்மா. காதை எங்க அடகு வச்சிருந்தீங்க?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, நாலாவது தரம் கூப்பிட்டா உன் தொண்டை தேஞ்சா போயிடும்?"

"தொண்டை தேயாதுக்கா. சட்டம் தேஞ்சுடும்."

பெரிய நீதிபதி என்று நினைப்பு!

அவர் வீடும் என் வீடும் சுவருக்குச் சுவர். வீட்டில் வாயே திறக்க மாட்டார். "எல்லாத்தையும் கோர்ட்டுலயே கொட்டிட்டு வந்துடறாரு, எங்களுக்கு மிச்சம் தலையாட்டல்தான்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். மகளிடம் மட்டும் பேச்சு உண்டு. ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்து என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். கறுப்புக் கோட்டுகளைப் பார்த்துப் பார்த்து, சட்டம்தான் படிப்பேன் என்று பிடிவாதம். நாங்களெல்லாம் அவளை "வக்கீலம்மா" என்று கூப்பிட்டோம். கேலியாக ஆரம்பித்ததுதான். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்கெனவே நுழைவுத் தேர்வு எழுதிக் கோட்டை விட்டவள். பகலில் துணி ஆலையில் பொட்டலம் கட்டுகிற வேலை, விடியற்காலையில் படிப்பு என்று உடம்பைத் தேய்த்து மறுபடி எழுதினாள். இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் கல்லூரி வாசலை வேடிக்கைதான் பார்க்கலாம்.

முடிவு வந்தது. இடம் கிடைத்தவர்களில் அவள் இல்லை. காத்திருப்பவர்களில் முதல் ஆள். யாராவது வேண்டாமென்று விலகினால் கல்லூரியிலிருந்து போனில் கூப்பிடுவார்களாம், அப்போதே சரி என்று சொல்லிவிட வேண்டுமாம். ஆலையிலோ வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அப்பாவின் எண்ணைக் கொடுத்தாள்.

"அப்பா, என் உசுரை உங்க கைல குடுத்திருக்கேன்" என்று என் எதிரில்தான் சொன்னாள். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

நீதிமன்றத்துக்குள் போன் சத்தம் கேட்டால் நீதிபதி எரிந்து விழுவார். அதனால் தினமும் காலையில் போனை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். "அக்கா, அடிச்சா எடு. சரின்னு சொல்லிடு. அப்புறம் ஓடி வா."

அந்தப் பாழாய்ப்போன போன் எங்களை என்ன பாடு படுத்தியது! அடிக்கும், நான் பதறி எடுப்பேன், யாரோ காப்பீடு எடுக்கச் சொல்வார்கள். நிமிர்ந்தால் அவர் வராந்தாவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். உதட்டைப் பிதுக்குவேன். அவர் திரும்பி அடுத்த பெயரைக் கூப்பிடுவார். சாயங்காலம் வேலை முடிந்து மகள் வருவாள். ஒன்றும் கேட்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். எனக்கு என் முகமே பிடிக்காமல் போய்விட்டது. அவர் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

கடைசி நாள் வந்தது. அன்றோடு கல்லூரிச் சேர்க்கை முடிகிறது. காலையில் வந்தவர் போனை மேசையில் வைக்கவில்லை.

"இன்னிக்கு நானே வச்சுக்கறேன்க்கா. உன் மிஷின் சத்தத்துல கேக்காமப் போயிட்டா?"

"இத்தனை நாள் கேட்ட காது இன்னிக்கா செவிடாகிடும்?"

"கோவிச்சுக்காதேக்கா. இன்னிக்கு அதை விட்டுட்டு நிக்க என்னால முடியாது. சத்தத்தை நிறுத்தி, அதிர்ற மாதிரி வச்சுட்டேன். சட்டைப்பைல, நெஞ்சு மேலயே இருக்கும். தெரியாமப் போகுமா?"

எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து வழக்குகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து அந்தக் குரல் ஓயவே இல்லை. சாப்பாட்டு வேளையில் என் மேசைக்கு வந்து, பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் வந்து, எடுக்காமல் போயிருந்தன.

போனை என் பக்கம் நீட்டினார். நான்தான் போட்டு, எனக்கும் கேட்கிறபடி வைத்தேன். மறுமுனையில் ஒரு பெண், நல்ல மரியாதையான குரல்.

"மூணு தடவை கூப்பிட்டோம் சார். எடுக்கலைன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடணும். அவங்க உடனே சரின்னுட்டாங்க."

"நான் இங்கதாம்மா இருந்தேன். எங்கயும் போகலைம்மா. இன்னொரு தரம் அடிச்சிருக்கக் கூடாதா?"

"விதி அப்படி சார். மன்னிச்சுக்கங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அதிரவே இல்லக்கா. சத்தியமா அதிரவே இல்லை."

"நீ கத்தறப்ப உன் நெஞ்சே கிடுகிடுன்னு ஆடுது. அதுல அது அதிர்றது எங்கய்யா உனக்குத் தெரியும்? என்கிட்ட குடுத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி!"

சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மனுஷனுக்குச் சத்தமில்லாமல் அழத் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். மத்தியானம் முழுவதும் கூப்பிட்டார். வராதவர்களை ஆஜரில்லை என்றும் சொன்னார்.

சாயங்காலம் மகள் வந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"எப்பப்பா கூப்பிட்டாங்க?"

அவர் சொன்னார், எதையும் மறைக்காமல். அவள் கடைசிவரை கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"அக்கா, நீயும் கூட வாயேன்" என்றார். மிஷினை அப்படியே மூடிப் போட்டுவிட்டுப் போனேன்.

அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒட்டுநாடாவைச் சர்ரென்று இழுத்துக் கிழிக்கிற சத்தம். ஆலையில் கட்டுகிற மாதிரியே, சட்டப் புத்தகங்களை எல்லாம் பெட்டியில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு" என்று கூப்பிட்டார். பதில் இல்லை.

"கண்ணு, அப்பாதான்டா." நாடா இழுக்கிற சத்தம் நிற்கவில்லை.

நெஞ்சில் கையை வைத்தார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

"கூப்பிடுய்யா" என்றேன். "இன்னொரு தரம் கூப்பிடு, வருவா."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கதவிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மூணாவது தரமும் கூப்பிட்டு அவ வரலைன்னா, நான் என்னக்கா பண்ணுவேன்?"