எங்களுக்கு இன்னா வேல?

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்களுக்கெல்லாம் வயது குறைந்துவிடும். செஞ்சியைச் சுற்றியிருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஊருக்குள் இருந்த ஒரு ஓட்டுக் கட்டடப் பள்ளியில் கூடுவோம். ஒருவர் கரும்பலகை முன்னால் நின்று மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளாகித் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நரைத்த தலைகள் பல்பம் தொலைந்துவிட்டதென்று அழும். மீசைக்காரர் ஒருவர் வெளியே போக விரலைக் காட்டுவார். ஜன்னலில் கோட்டை மலை தெரியும். அதன் பாறைகள் மேல் மேகத்தின் நிழல் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது நிழலா மலையா என்று எனக்குக் குழம்பிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பனமலைப் பக்கம் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் எனக்கு முதல் வேலை. ஒரே அறை, ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்புக்கு எழுதிக் காட்டத் திரும்பினால் நாலாம் வகுப்பு பின்வாசல் வழியாக ஏரிக்கரைக்குப் போயிருக்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த மாதம் மாதிரிப் பாடம் என் முறை. அதை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறினேன். அன்று அமாவாசை. மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். செஞ்சி வந்ததும் யாரோ தட்டி எழுப்பி இறக்கிவிட்டார்கள். பாதித் தூக்கம் இன்னும் கண்ணில் இருந்தது.

தரையில் ஒன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். புளியங்கொட்டையை வைத்துச் சின்ன வகுப்புக்குக் கழித்தல் சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் கசகசவென்று பேச்சு. என் பள்ளியில் தினமும் கேட்கிற அதே சத்தம். நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது.

"டேய், எழுந்து நில்லுடா."

நாலாம் வகுப்பிலிருந்து எழுந்து நின்றவர் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர். ஓய்வு பெறப்போகிற வயது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொன்னார்.

"எங்களுக்கு இன்னா வேலன்னு நீங்க சொல்லவே இல்லியே டீச்சர்."

உண்மைதான். என் பள்ளியிலும் ஒரு நாள்கூட நான் அதைச் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த கடைத்தெருப் பள்ளியின் முஸ்லிம் டீச்சர், என்னைவிட நாலைந்து வயதே பெரியவர், புளியங்கொட்டைகளை அள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினார். "அண்ணா, எனக்கு வரல. நீ சொல்லிக் குடு." அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நாலாம் வகுப்பு முழுக்க ஆளுக்கொரு சின்னப் பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அறை மெல்ல முணுமுணுத்தது, யாரும் கத்தவில்லை. வெயில் பட்டு அத்தனை முகங்களும் எட்டு வயது முகங்களாகத் தெரிந்தன.

சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லம்மா. என்னை எழுந்து நில்லுன்னு சொல்ல இப்போ ஆளே இல்ல" என்றார்.

யாரும் அறிவுரை சொல்லவில்லை. அதனாலேயே அவர்களை எனக்குப் பிடித்துப்போனது. முஸ்லிம் டீச்சர் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கும் சோறு வைத்தார். "நானும் மொத வருஷம் ஓடிடலாம்னுதான் இருந்தேன். அடுத்த மாசமும் வந்துடு."

திங்கட்கிழமை, நாலாம் வகுப்பிடம் ஆளுக்கொரு குட்டிப் பிள்ளையை ஒப்படைத்தேன். அன்று யாரும் ஏரிக்கரைக்குப் போகவில்லை. நைனாவிடம் சொல்ல வைத்திருந்ததை நான் சொல்லவே இல்லை.

அடுத்த மாதமும் போனேன், அதற்கடுத்த மாதமும். பாட்டுக் கட்டுவது, கதையைப் பாதியில் நிறுத்துவது, மழை நாளில் ஒழுகாத மூலையில் மூன்று வகுப்பை உட்கார வைப்பது எல்லாம் அந்தத் தரையில்தான் கற்றேன். பயிற்சிப் பள்ளி எனக்குக் கொடுத்தது சான்றிதழ் மட்டும்தான்.

எண்பதுகள் முடிகிற சமயம், புதிதாக வந்த இளைஞர் ஒருவர் மாதிரிப் பாடம் எடுத்தார். சுண்ணக்கட்டி இரண்டு முறை கை நழுவியது. அவர் கண் திரும்பத் திரும்ப வாசலுக்கே போனது. எனக்குத் தெரியாத வாசலா அது? ஜன்னலில் மலை மேல் நிழல் ஊர்ந்துகொண்டிருந்தது. நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கினேன்.

"சார், எங்களுக்கு இன்னா வேல சார்?"