அது என்ன மா என்று கேட்ட சம்பந்தி

என் மகள் சுவீடனில் இருக்கிறாள். படிக்கப் போனவள் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். ஆள் நல்லவன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. அவனுடைய தாய் ரொறன்ரோவுக்கு எங்களைப் பார்க்க வரப்போகிறார் என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அடுத்த வசனம் வரைக்கும்தான் இருந்தது.

"அப்பா, அவ தன்ர சாப்பாட்டைத் தானே கொண்டருவா. நீங்கள் ஒண்டும் நினைக்கக் கூடாது."

"சம்பந்தி வீட்டுக்கு வாற மனுசி சாப்பாடு கட்டிக்கொண்டு வாறதோ? நாங்கள் என்ன, நஞ்சே வைக்கப் போறம்?"

"அப்பா, லிசன். அவவுக்குக் கோதுமை சரிவராது. சீலியாக். கொஞ்சம் பட்டாலும் காணும், கிழமைக் கணக்கில படுத்திடுவா. ஒரு கலியாண வீட்டில கேக்காமல் சாப்பிட்டு ஹொஸ்பிட்டலில கிடந்தவ. அதுக்குப் பிறகு ஒருத்தற்ற வீட்டிலயும் வாய் வைக்கிறேல்லை."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒரேயொரு ஆசை அப்பா. எங்கட வீட்டில மட்டும் அவ சாப்பிடவேணும். பயமில்லாமல்."

"எங்கட சாப்பாட்டில எங்க கோதுமை? நாங்கள் சோறு தின்னுற சனம்" என்றேன்.

என் தொழிலைச் சொல்லவேண்டும். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் உணவகக் குசினிகளில்தான் வேலை செய்கிறேன். பார்க்டேல் பகுதியில் கோப்பை கழுவித் தொடங்கினேன். இப்போது அடுப்படியில் நிற்கிறேன். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஆள் வந்தால் எங்கள் குசினிக்குச் சிவப்பு எழுத்தில் ஓடர்த் துண்டு வரும். சட்டியை மாற்றவேண்டும், கரண்டியை மாற்றவேண்டும், கையைக் கழுவவேண்டும். நெரிசலான நேரத்தில் அந்தத் துண்டு வந்தால் நான் வாய்க்குள் திட்டுவேன். நோய் வருத்தக்காரர் வீட்டில் கிடந்து தின்னலாமே என்று வெளியிலும் சொல்லியிருக்கிறேன். சட்டியை மட்டும் ஒழுங்காக மாற்றுவேன்.

சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும், பேசக் கூச்சம் என்று மகள் சொன்னாள். அதனால் எனக்குச் சுவீடிஷ் பாடம் நடந்தது. ஒரு வசனம்தான். அவர் எதைச் சாப்பிடும் முன்னும் கேட்கும் வசனம்.

"வா ஏ தே ஃபோர் மியோல்? அப்பிடித்தான் கேப்பா. இது என்ன மா எண்டு அர்த்தம். மாவெண்டில்லை, எதைப் பாத்தாலும் அப்பிடித்தான் கேக்கிறது. வா ஏ தே ஃபோர், பிறகு சாமான்ர பேர்."

"நான் என்ன சொல்லுறது?"

"அரிசியெண்டால் ரீஸ். கோதுமையெண்டால்…"

"அது தேவையில்லை. ரீஸ் காணும்."

"அப்பா, அதையும் பாடமாக்குங்கோ."

"எங்கட வீட்டில எல்லாம் ரீஸ்" என்று தொலைபேசியை வைத்தேன்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மகளும் மருமகனும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். சம்பந்தியம்மா உயரமான மனுசி. தலைமயிர் முழுக்க வெள்ளை, நடை விறுக்கென்று இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் கோதுமையில்லாத பாண். விமானத்தில் சூட்கேஸ் தவறிவிட்டது, பாண் பெட்டி தவறவில்லை. வாசலில் நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த முதல் நாள் எங்கள் மேசையில் இருந்து அந்தப் பாணைத்தான் சாப்பிட்டார். என் மனைவி காய்ச்சிய எதையும் தொடவில்லை. மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாயைத் திறந்துவிடுவேனோ என்று.

அடுத்த நாள் பின்னேரம் விமான நிலையத்திலிருந்து அழைத்தார்கள். தவறிய சூட்கேஸ் வந்துவிட்டதாம். மகளும் மருமகனும் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் இருக்கும் வோபர்னிலிருந்து அங்கே போய்வர அந்த நேர வாகன நெரிசலில் எவ்வளவு செல்லும் என்று யாருக்கும் தெரியாது. போகும்போது மகள் சொல்லிவிட்டுப் போனாள்.

"நாங்கள் வரப் பிந்தினால் சாப்பிடுங்கோ. அவ கேப்பா. கேட்டால் கோவப்படாதேங்கோ அப்பா, பிளீஸ்."

பிந்தியது. மனைவி மேசையில் பிட்டு வைத்தாள். இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால் கறி, முட்டைப் பொரியல். சம்பந்தியம்மா தன் பாண் பெட்டியைத் திறக்கப் போனவர், மணம் பிடித்துக் கையை எடுத்துவிட்டார். இறால் குழம்பைக் காட்டினார்.

"வா ஏ தே ஃபோர் சோஸ்?"

எனக்கு விளங்கியது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பெருமை கொஞ்சமல்ல. தேங்காய்ப் பால், மிளகாய்த்தூள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு பிட்டைக் காட்டினார்.

"வா ஏ தே ஃபோர் மியோல்?"

"ரீஸ்" என்றேன்.

கோப்பையில் போட்டுக்கொண்டார். குழம்பு விட்டார். கரண்டியை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார். ஒரு பிட்டுத் துண்டை விரலால் நசித்துப் பார்த்தார். அது பஞ்சு மாதிரி அமுங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அதே வசனத்தை அப்படியே திரும்பக் கேட்டார்.

எங்கள் ஆட்களிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டில் இருந்து சாப்பாட்டைக் கிண்டிப் பார்த்து இது என்ன, எதில் செய்தது என்று கேட்டால், அந்த வீட்டோடு உறவு வேண்டாம் என்று அர்த்தம். அதுவும் ஒருதரம் பதில் சொன்ன பிறகு. எனக்கு ஏறிவிட்டது. "ரீஸ்" என்று திரும்பவும் சொல்லிவிட்டுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். மா வாளியையே கொண்டுவந்து இவவின் முகத்துக்கு முன்னால் திறந்து காட்டுகிறேன், அப்போதாவது நம்பட்டும் என்று குசினிக்குள் போனேன். எங்கள் வீட்டில் பிட்டு மா ஒரு பழைய ஐஸ்கிறீம் வாளியில்தான் இருக்கும்.

மனைவி அடுப்படியில் நின்றாள்.

"ஏனப்பா அந்த வாளியைத் தூக்கிறியள்?"

"உவவுக்குக் காட்டப்போறன். அரிசி மா எண்டு சொல்லச் சொல்ல நம்பிறா இல்லை."

"உங்களுக்கென்ன விசரே? உது கலந்த மாவெல்லோ. பாதி அவிச்ச கோதுமை மா. பிட்டு மெத்தெண்டு வரவேணுமெண்டு…"

சொல்லிக்கொண்டு வந்தவள் வாயைப் பொத்தினாள்.

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடையில் கோதுமை மாவை வாங்கிவருவதே நான்தான். அவள் அவிப்பாள், அரிப்பாள், வறுத்த அரிசி மாவோடு கலந்து வாளியில் போடுவாள். எங்கள் ஊரில் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த அமெரிக்கன் கோதுமை மாவில் தொடங்கிய பழக்கம். கலந்து கலந்து அதற்கு அரிசி மா என்றே பெயர் வந்துவிட்டது. இருவருமே அதை அரிசி மா என்றுதான் நினைத்திருந்தோம்.

நான் ஓடினேன். என் வயதில் ஒருவன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஓடுவது பார்க்க நல்லாயிராது. கரண்டி பிட்டோடு அவர் வாய்க்குக் கிட்டப் போய்விட்டது. கோதுமைக்குச் சுவீடிஷ் சொல் தெரியாது. மகளிடம் தேவையில்லை என்று சொன்ன அந்தச் சொல். அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினேன். மற்றக் கையால் கோப்பையை இழுத்தேன்.

"நோ ரீஸ். நோ ரீஸ். சொறி."

விருந்தாளியின் முன்னாலிருந்து கோப்பையை இழுத்தவன் எங்கள் பரம்பரையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குழம்பு மேசைவிரிப்பில் ஊற்றுப்பட்டது. மனைவி குசினி வாசலில் அழுதுகொண்டு நின்றாள். சரி, எழும்பிப் போகப்போகிறார், மகளின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நின்றேன்.

அவர் கரண்டி இல்லாத கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழும்பிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"தக்" என்றார். "தக், தக்."

நன்றி என்று அர்த்தம். அது மகள் சொல்லித்தராமலே எனக்கு விளங்கியது.

பிறகு அவர் குசினிக்குள் வந்தார். ஒவ்வொரு போத்தலாகக் காட்டி வா ஏ தே ஃபோர் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றையும் திறந்தேன், மணந்தேன், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். ரசத்துக்குப் போடும் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மா கலந்திருந்தது. இத்தனை வருஷம் குசினியில் நின்றவனுக்கு அது தெரியாது. பெருங்காயத்தைக் குப்பையில் எறிந்தேன். அவர் கைதட்டினார்.

வேலையிடத்தில் சிவப்புத் துண்டு வந்தால் செய்வதையெல்லாம் என் வீட்டில் செய்தேன். அடுப்பைத் துடைத்தேன். பிட்டுக் கரண்டி பட்ட கறிகளை ஒதுக்கினேன். சட்டிகளைத் தேய்த்துக் கழுவினேன். வாய்க்குள் திட்டவில்லை. மனைவி குத்தரிசி போட்டாள். இறால் திரும்பக் காய்ச்சினோம். சம்பந்தியம்மா வெங்காயம் உரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மனைவி தமிழில் பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "உங்களைப் பற்றித்தான்" என்றாள்.

மகளும் மருமகனும் சூட்கேஸோடு வந்து கதவைத் திறந்தபோது சம்பந்தியம்மா கையால் சோறு குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பு மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. மகள் சூட்கேஸை நடுவழியிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

"அப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. சாப்பிடுறா" என்றேன்.

அந்தப் பாண் பெட்டி மேசையில் திறக்காமல் கிடந்தது. நான் அதைக் காட்டி, "வா ஏ தே ஃபோர் ப்ரோட்?" என்று கேட்டேன். அந்த மனுசி சிரித்த சிரிப்பை எங்கள் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு துண்டு வெட்டித் தந்தார். உருளைக்கிழங்கு மாவும் ஏதோ விதைகளுமாம், மருமகன் சொன்னான். தவிட்டை அமத்தி வைத்த மாதிரி இருந்தது. அதைத்தான் இந்த மனுசி வருஷக்கணக்காகப் போகிற இடமெல்லாம் சுமந்து தின்றிருக்கிறார். முழுவதையும் சாப்பிட்டேன்.

இரண்டாம் முறை கேட்டதற்காக அந்த மனுசிக்கு நான் நன்றியுள்ளவன். ஒரு பதிலோடு மரியாதைக்கு வாயை மூடியிருந்தால், நான் அவரை ஹொஸ்பிட்டலுக்கு அனுப்பியிருப்பேன், அதுவும் பெருமையாக. இப்போது வேலையில் அந்தச் சிவப்புத் துண்டு வந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வருகிறது.

அடுத்த நாள் காலை மனைவி இடியப்பம் அவித்தாள். புதிதாக வாங்கிய சிவப்பரிசி மா, புதுப் பாத்திரம், புது இடியப்ப உரல். சம்பந்தியம்மா மேசைக்கு வந்து இருந்தார். பாண் பெட்டி அறைக்குள்ளேயே இருந்தது.

"வா ஏ தே ஃபோர் மியோல்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் குசினிக்குப் போய் பக்கற்றைத் திறந்தேன், கையால் அள்ளிப் பார்த்தேன், பின்பக்கத்தை வாசித்தேன். பிறகு வந்து சொன்னேன்.

"ரீஸ்."

அவர் சாப்பிடத் தொடங்கினார்.